விண்ணரக்கியும் நாலு மில்லிமீட்டரும்: வேணும்னே கேவலமா ஒரு அட்டை செஞ்ச கதை

எங்க கூட்டத்துல ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் புத்தக அட்டை எங்க கண்ணுல பட்டாலும் உடனே போட்டோ எடுத்து ஒருத்தருக்கொருத்தர் அனுப்பி கலாய்க்கறது. மீன் தொட்டிய தலையில கவுத்துன மாதிரி ஹெல்மெட், அதுக்கு கீழ கை கால் எல்லாம் காத்தோட்டமா, பின்னாடி மூணு கிரகம் ஒண்ணுமேல ஒண்ணு இடிச்சுக்கற மாதிரி தொங்கும், ஓரத்துல ஒரு பல்லி துப்பாக்கி புடிச்சு நிக்கும். உள்ள கதைய படிச்சா பல்லியே வராது.

அப்படி ஒருநாள் ஒரு அட்டைய பாத்து சிரிச்சிட்டு இருக்கும்போது வாய் சும்மா இல்லாம "இதவிட மோசமா நான் ஒரே ராத்திரில செய்வேன்டா"ன்னு சொல்லிட்டேன். ஃப்ரெண்டு பொறந்தநாள் வந்துட்டு இருந்துச்சு, அவனுக்கு கெட்டி அட்டை போட்ட ஒரு வெத்து டைரி வாங்கி வெச்சிருந்தேன், அதுக்கு மேல சுத்தற ஜாக்கெட்டா இந்த போலி நாவல் அட்டைய செஞ்சு கொடுத்துடலாம்னு பிளான். ஒரே ராத்திரின்னு சொன்னது மூணு வாரம் இழுத்துச்சு. எங்கெங்க சொதப்புனேன்னு எழுதி வெச்சா அடுத்து யாராவது இந்த வேலைல எறங்கினா உதவும்னு இதை எழுதறேன்.

முதல்ல நாவலுக்கு பேர். "விண்ணரக்கியின் வெண்கலக் கண்". எழுதினவர் கேலக்ஸிநாதன். பேருக்கு கீழ "விண்ணரக்கி வரிசையில் 4-வது நாவல்"னு ஒரு வரி, ஏன்னா இந்த மாதிரி புத்தகம் எப்பவுமே நடுவுல இருந்துதான் நம்ம கைக்கு கிடைக்கும்.

முதல் முயற்சி முழுக்க கம்ப்யூட்டர்ல. ஜிம்ப்னு படம் செய்யற சாஃப்ட்வேர திறந்து கருநீலத்துல இருந்து ஊதாவுக்கு ஒரு கிரேடியன்ட், ஒரு மூலையில கேமரா லென்ஸ்ல வெயில் பட்ட மாதிரி லென்ஸ் ஃப்ளேர், பேருக்கு வெள்ளி முலாம் பூசி புடைச்ச மாதிரி பெவல், நெட்ல இலவசமா கிடைச்ச ஒரு ராக்கெட் மாடல். ரெண்டு மணி நேரத்துல முடிச்சு நிமிந்து பாத்தா ஏதோ ஆபீஸ் பிரசன்டேஷனோட முதல் ஸ்லைடு மாதிரி இருக்கு. மோசம்தான், ஆனா சிரிப்பே வரல. ஏஐ கிட்ட கேட்டுப் பாருன்னு ஒருத்தன் சொன்னான், அதையும் பாத்தேன், வழவழன்னு எண்ணெய் தடவுன மாதிரி ஒரு படம் கொடுத்துச்சு, அதுவும் அதே கேஸ்தான்.

அப்புறம் உக்காந்து நாங்க சேத்து வெச்சிருந்த அட்டைகளை வரிசையா பாத்தேன். அப்பதான் உறைச்சுது, நம்ம வயிறு வலிக்க சிரிச்சதுல ஒண்ணுகூட சோம்பேறி வேலை இல்ல. எல்லாமே யாரோ ஒருத்தர் கை வலிக்க வரைஞ்சது. 1926 ஏப்ரல்ல ஹியூகோ கெர்ன்ஸ்பேக் ஆரம்பிச்ச அமேஸிங் ஸ்டோரீஸ் பத்திரிகையோட முதல் அட்டைய எடுத்துக்கோங்க, சனி கிரகம் பின்னாடி ஜம்முனு நிக்க முன்னாடி ஆளுங்க பனியில சறுக்கி விளையாடிட்டு இருப்பாங்க. வரைஞ்ச ஃபிராங்க் ஆர். பால் கட்டடக்கலை படிச்ச மனுஷன், அதான் அவர் வரையற மெஷினும் நகரமும் அவ்வளவு நுணுக்கமா இருக்கும், மனுஷங்க மட்டும் அலமாரி பொம்மை மாதிரி விறைச்சிட்டு நிப்பாங்க. அந்த காலத்துல படத்த முதல்ல வாங்கிட்டு அப்புறமா எழுத்தாளர கூப்ட்டு இதுக்கு ஒரு கதை எழுதுப்பான்னு சொன்னதும் நடந்திருக்கு. ஓவியருக்கு கதைய படிக்க நேரம் இருக்காது, சில நேரம் படிக்க கதையே இருக்காது, கடையில அம்பது பத்திரிகை நடுவுல இது கண்ணுல குத்தணும், அவ்வளவுதான் உத்தரவு. அதனால செவப்பு மஞ்சள்னு அள்ளிப் பூசுனாங்க. கம்ப்யூட்டர் காலத்து அசிங்கத்துக்கும் ஒரு கதை இருக்கு, 1994ல பிரைஸ், 1995ல போஸர்னு சாஃப்ட்வேர் வந்துச்சு, ஒண்ணு மலையும் கடலும் செய்யும், இன்னொண்ணு மனுஷ பொம்மை செய்யும், ரெண்டையும் ஒட்டிட்டா அட்டை ரெடி. அந்த பொம்மைங்க கண்ணுல இருக்கற வெறுமை வேற எதுலயும் வராது.

சரி, கையாலதான் வரையணும்னு முடிவு பண்ணி போஸ்டர் கலர் எடுத்தேன்.

தண்ணி பட்டா சுருளாத கெட்டி பேப்பர், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல), நாலு பக்கமும் டேப் போட்டு பலகையில ஒட்டியாச்சு. வானத்துக்கு கறுப்பு மட்டும் அடிக்காதீங்க, செத்துப் போன மாதிரி இருக்கும், அல்ட்ராமரைன் நீலத்தோட கொஞ்சம் ஊதா, அதுல கறுப்பு கலந்து ரெண்டு கோட் அடிச்சேன், முதல் கோட் நல்லா காயறதுக்குள்ள ரெண்டாவது அடிச்சா அடியில இருக்கறது பேந்து வரும், எனக்கு வந்துச்சு, அந்த எடத்துலதான் பின்னாடி ஒரு நெபுலா (விண்வெளி மேகம்) வந்து உக்காந்துச்சு. சனி கிரகத்துக்கு ஒரு பெரிய டப்பா மூடிய வெச்சு வட்டம் போட்டு, ஸ்பாஞ்சால ஆரஞ்சும் மஞ்சளும் ஒத்தி எடுத்தேன். வானத்துல பாதி சனிதான்.

இந்த எடத்துல ஒரு சந்தேகம் வந்து நானே கணக்குப் போட்டு பாத்தேன், ஏன்னா இந்த பிரம்மாண்ட சனியதான் நாங்க அதிகமா கிண்டல் பண்ணுவோம். சனியோட விட்டம் சுமார் 1,20,500 கி.மீ. அதோட நிலாக்கள்ல ஒண்ணான என்சலடஸ் அதுகிட்ட இருந்து சுமார் 2,38,000 கி.மீ. தூரத்துல சுத்துது. அப்போ அங்க நின்னு பாத்தா சனி 29 டிகிரி அகலத்துக்கு தெரியும், நம்ம நிலா நமக்கு அரை டிகிரிதான் தெரியுது, கிட்டத்தட்ட அறுபது மடங்கு! அந்த ஓவியர்கள நாங்க இத்தனை வருஷமா அநியாயமா ஓட்டியிருக்கோம். ஆனா வேற எடத்துல மாட்டிக்கிட்டாங்க. அந்த கிட்ட இருக்கற நிலாக்கள் எல்லாம் வளையம் இருக்கற அதே தளத்துலதான் சுத்துது, அங்கிருந்து பாத்தா வளையம் தொப்பி மாதிரி அழகா சாஞ்செல்லாம் தெரியாது, கத்தி விளிம்ப நேரா பாக்கற மாதிரி ஒரு மெல்லிசு கோடுதான் தெரியும். வளையத்த சாஞ்ச மாதிரி பாக்கணும்னா ஐயாபெட்டஸ் மாதிரி பாதை சாஞ்ச ஒரு நிலாவுக்குப் போகணும், அது 35 லட்சம் கி.மீ.க்கு அந்தாண்ட இருக்கு, அங்கிருந்து சனி வெறும் ரெண்டு டிகிரிதான். ஒண்ணு பெரிய சனி, இல்ல சாஞ்ச வளையம், ரெண்டும் சேத்து கெடைக்காது. என் அட்டையில ரெண்டும் இருக்கு, தெரிஞ்சே செஞ்சதுனால பெருமையோட சொல்றேன்.

தெரியாம செஞ்சது இனிமேதான். நட்சத்திரத்துக்கு பழைய டூத் பிரஷ். வெள்ளை போஸ்டர் கலர பால் மாதிரி கரைச்சு, பிரஷ்ஷ லேசா நனைச்சு, கட்டை விரலால முள்ள பின்பக்கமா இழுத்து விட்டா பொடிப்பொடியா தெறிக்கும். தண்ணி கூடினா நட்சத்திரம் இல்ல, பறவை எச்சம்தான் விழும், அதனால முதல்ல வேஸ்ட் பேப்பர்ல ரெண்டு தடவை தெறிச்சுப் பாத்துட்டு அடிக்கணும். கிரகத்து மேல படாம இருக்க பேப்பர வட்டமா வெட்டி மூடி வைக்கணும். சனிக்கு ஒழுங்கா வெட்டுனேன். மேல ஓரத்துல ஒரு பிறை நிலா வரைஞ்சிருந்தேன், அதுக்கு மட்டும் பிறை வடிவத்துலயே பேப்பர வெட்டி மூடிட்டேன். தெறிச்சு முடிச்சு பேப்பர எடுத்தா, பிறையோட வயித்துக்குள்ள, அதாவது நிலாவோட இருட்டுப் பக்கம் இருக்க வேண்டிய எடத்துல, எட்டு நட்சத்திரம் பளபளன்னு மின்னுது.

விஷயம் என்னன்னா பிறையா தெரிஞ்சாலும் நிலா முழு உருண்டைதான், வெளிச்சம் படாத பாதியும் அங்கேயே இருக்கு, அதுக்குப் பின்னாடி இருக்கற நட்சத்திரம் எப்படி தெரியும்? இது இந்த அட்டைகள்ல ரொம்ப ஃபேமஸான தப்பு, நானே எத்தனையோ பேர கலாய்ச்சிருக்கேன். அதே தப்ப நான் முட்டாள்தனமா செஞ்சதும்தான் அவங்க எப்படி செஞ்சிருப்பாங்கன்னு புரிஞ்சுது. அறிவியல் தெரியாம இல்ல, மாஸ்க் வெட்டும்போது கை தானா கண்ணுக்கு தெரியற வடிவத்தோட போயிடுது. அழிக்கலாம்னு கறுப்ப எடுத்தேன், அப்புறம் வெச்சுட்டேன். முழு அட்டையிலயும் நிஜமான தப்பு அது ஒண்ணுதான், மத்ததெல்லாம் நடிப்பு.

வெளிச்சத்துக்கு வருவோம். சனிக்கு இடது பக்கம் இருந்து வெயில், நிலாவுக்கு வலது பக்கம் இருந்து, ஆளுங்களுக்கு கீழ இருந்து. மூணு சூரியன் இருந்தாதான் இப்படி விழும். ராக்கெட் பின்னாடி விட்ட புகை சுருள் சுருளா மேல போகுது, காத்தே இல்லாத எடத்துல. ராக்கெட்டுக்கு மஞ்சள் கறுப்பு பட்டை போட்டேன், 1970கள்ல கிரிஸ் ஃபாஸ் வரைஞ்ச அட்டைகள்ல அந்த பட்டை போட்ட ராட்சஸ கப்பல்கள் அவ்வளவு பிரமாதமா இருக்கும், அதுக்கப்புறம் கதையில கப்பல் இருக்கோ இல்லையோ அட்டையில ஒண்ணு பறந்தே ஆகணும்னு ஆயிடுச்சு.

அரக்கிய வரையும்போதுதான் கொஞ்சம் யோசிச்சேன். 1940கள்ல எர்ல் பெர்கி மாதிரி ஆளுங்க வரைஞ்ச பல்ப் (மலிவு விலை கதைப்) பத்திரிகை அட்டைகள்ல பொண்ணுங்க எல்லாம் பித்தளைப் பாத்திரத்த உடம்புல கட்டிக்கிட்ட மாதிரி நிப்பாங்க, பக்கத்துல ஹீரோ தலை முதல் கால் வரைக்கும் சூட் போட்டு பத்திரமா இருப்பான், அந்தப் பக்கம் முட்டைக்கண்ணு பிசாசு ஒண்ணு. அதை அப்படியே காப்பி அடிச்சா அதுவும் கிண்டல்னு சொல்லிக்கலாம்தான், ஆனா எனக்கு என்னவோ சப்புன்னு இருந்துச்சு. அதனால திருப்பிப் போட்டேன். விண்ணரக்கி கழுத்து வரைக்கும் மெத்தை மாதிரி கெட்டி சூட், ஆக்சிஜன் டேங்க், கைல கிளவுஸ், எல்லாம் முறைப்படி. ஹீரோதான் பித்தளை ஜட்டியும் ஒரு மேலாடையும் போட்டு இடுப்புல கை வெச்சு நிக்கறான், மேலாடை வேற காத்துல பறக்குது. முட்டைக்கண்ணு பிசாசு மட்டும் சொதப்பல், பயங்கரமா வரும்னு பாத்தா தூக்கி வளக்கலாம் போல இருக்கு.

படத்த 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டருக்கு ஏத்தியாச்சு. இப்ப எழுத்து. நான் ரொம்ப நேரம் செலவழிச்சது இதுலதான்.

அந்த 'கம்ப்யூட்டர் எழுத்து' தெரியும்ல, சில எடத்துல மட்டும் தொப்பை போட்ட மாதிரி கட்டியா இருக்கும். அது வந்த கதை வேடிக்கையானது. செக் அடியில காந்த மையில அச்சடிக்கற நம்பர் எழுத்து ஒண்ணு இருக்கு, இ-13பின்னு பேரு, அதுல 0 முதல் 9 வரைக்கும் நம்பரும் நாலு குறியும்தான், எழுத்தே கிடையாது. மெஷின் அத காந்தத்தாலதான் படிக்குது, எந்த எடத்துல எவ்வளவு மை இருக்குங்கறத வெச்சுதான் இது 2, இது 5ன்னு பிரிக்கும், அதனாலதான் அந்த தொப்பை. அத பாத்து 1960கள்ல லியோ மேக்ஸ்ங்கறவர் வெஸ்ட்மின்ஸ்டர்னு ஒரு ஃபான்ட், 1970ல பாப் நியூமன்ங்கறவர் டேட்டா 70ன்னு ஒரு ஃபான்ட், ஏ முதல் இசட் வரைக்கும் தொப்பை வெச்சு வரைஞ்சாங்க. நம்பருக்கு காரணம் இருந்துச்சு, எழுத்துக்கு சும்மா ஸ்டைல். அதுக்கப்புறம் எதிர்காலம்னாலே தொப்பைதான்.

தமிழ்ல அப்படி ஒண்ணு என் கைல இல்ல, சரி நாமே செஞ்சுடலாம்னு இங்க்ஸ்கேப்னு கோட்டுப் படம் வரையற சாஃப்ட்வேர்ல ஒரு தடிமனான ஃபான்ட்ல பேர டைப் பண்ணி, எழுத்த வெறும் கோட்டு வடிவமா மாத்தி, கோட்டுல இருக்கற ஒவ்வொரு புள்ளியா புடிச்சு இழுத்து வளைவெல்லாம் கட்டமாக்கி, சுழிகளையெல்லாம் மொத்தமா ரொப்பி தொப்பை ஆக்கினேன். மெய்யெழுத்து புள்ளிகூட சதுரம். பெரிசா பாக்கறப்ப அட்டகாசமா இருந்துச்சு. சின்னதாக்கி ஸ்பைன்ல (புத்தகத்தோட முதுகுப் பட்டை) வெச்சு ஒருத்தன்கிட்ட காட்டினேன்.

"வின்னரக்கியா? யாரு, போட்டியில ஜெயிச்ச அக்காவா?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியல. அப்புறம் பாத்தா, ண-வுக்கும் ன-வுக்கும் இருக்கற வித்தியாசமே சுழிதான், மூணு சுழி, ரெண்டு சுழி. நான் சுழிய ரொப்பிட்டேன். சின்ன சைஸ்ல ரெண்டும் ஒரே கறுப்புக் கட்டை. கீழ வேற 'கண்' இருக்கு, அது 'கன்' ஆயிடுச்சு, வெண்கல துப்பாக்கின்னு நினைச்சுக்கலாம், அதுகூட கதைக்கு பொருந்தத்தான் செய்யுது. ஆனா எழுத்துப்பிழை வேற, கேவலமான அட்டை வேற. எழுத்துப்பிழை இருந்தா பாக்கறவன் அத மட்டும் பாத்து சிரிச்சிட்டு போயிடுவான், பித்தளை ஜட்டி வரைக்கும் வரமாட்டான்.

நாலு ராத்திரி அதுலயே போச்சு. கடைசியா புடிபட்டது இதுதான்: சுழி உள்ள வெள்ளை கண்டிப்பா தெரியணும், அத தொடக்கூடாது. தொப்பைய கொண்டுபோய் நேர்க்கோட்டோட அடியில வைக்கணும், ண, ன, ர, க எல்லாத்துலயும் செங்குத்தா ஒரு கோடு வருதுல்ல, அதோட கீழ்ப்பாதிய மட்டும் ரெண்டு மடங்கு தடிமனாக்கினேன். உடனே அந்த செக் புக் வாடை வந்துடுச்சு, படிக்கவும் முடியுது. 'வி'யோட மேல் கொக்கி மட்டும் எப்படி வளைச்சாலும் குடைக் கைப்பிடி மாதிரியே இருந்துச்சு, விட்டுட்டேன்.

பின் அட்டைக்கு "அவள் கண் திறந்தால்... அண்டமே அடங்கும்!!!" ஆச்சரியக்குறி மூணுக்கு கீழ போனா மரியாதை இல்ல. அதுக்கு கீழ ஒரு பாராட்டு, "படித்தேன்" – ஒரு வாசகர்.

இப்ப நாலு மில்லிமீட்டர் கதை. டைரி ஏ5, 148 x 210 மி.மீ. உள்ள 192 பக்கம், அதாவது 96 தாள், 80 ஜிஎஸ்எம் தாள் ஒண்ணு 0.1 மி.மீ.ன்னு வெச்சா 9.6, ரவுண்டா 10 மி.மீ. ஸ்பைன். ரொம்ப புத்திசாலித்தனமா கணக்கு போட்டு பிரின்ட்டுக்கு கொடுத்துட்டேன். கைல ஸ்கேல் இருந்துச்சு, டைரியும் எதிர்லதான் இருந்துச்சு, ஒரு தடவை வெச்சு அளந்திருக்கலாம். கெட்டி அட்டை ரெண்டும் தலா 2 மி.மீ., அது என் கணக்குலயே இல்ல. பிரின்ட் வந்து சுத்துனா ஸ்பைன்ல இருக்க வேண்டிய பேர் மடிப்புல ஏறி முன் அட்டைக்கு எட்டிப் பாக்குது. நிஜ அளவு 14.

அது மட்டும் இல்ல. ஏ3ல அடிச்சதுனால (420 மி.மீ. அகலம்தான்) உள்பக்கம் மடிக்கற ஃப்ளாப்புக்கு அம்பது மி.மீ. சொச்சம்தான் மிச்சம், டைரிய திறந்தா ஜாக்கெட் கழண்டு கைல வருது. மடிப்புல டோனர் (பிரின்ட் மைப்பொடி) வெடிச்சு வெள்ளை கோடு. என் ஊதா நிறம் வேற காணோம், ஸ்கிரீன்ல மின்னுன அந்த ஊதாவும் பச்சையும் நாலு மை பிரின்ட்டுல வரவே வராது, சேறு மாதிரி ஒரு கலர்தான் வந்துச்சு.

ரெண்டாவது தடவை 12 x 18 இன்ச் தாள்ல அடிச்சேன், அது 457 மி.மீ. அகலம். ஃப்ளாப் 65, அட்டை 148, ஸ்பைன் 14, அட்டை 148, ஃப்ளாப் 65, கூட்டினா 440, ஓரத்துல வெட்டறதுக்கும் எடம் இருக்கு. பேப்பரோட நார் எந்த பக்கம் ஓடுதுன்னு பாத்து மடிப்பு அதே பக்கம் வர்ற மாதிரி கேட்டு வாங்குனேன், குறுக்க மடிச்சா வெடிக்கும். பளபள லேமினேஷன் போட்டு அதுக்கப்புறம் கிரீசிங், அதாவது மடிப்பு வர்ற எடத்துல அழுத்தி கோடு போடறது. கலருக்கு, அந்த நாலு மையில (சிஎம்ஒய்கே) எப்படி வரும்னு ப்ரூஃப் போட்டுப் பாத்து ஊதாவ மெஜென்டா பக்கம் தள்ளிட்டேன், நீலத்த குறைச்சேன், மின்னல ஆனா சேறும் இல்ல. லேமினேஷன்ல ஒரு காத்துக் குமிழி மாட்டிக்கிச்சு, சரியா ஹீரோ மூக்கு மேல. ஊசியால குத்தி தேய்க்கலாம்னாங்க. அவன் மேல அவ்வளவு அக்கறை எனக்கு இல்ல.

பொறந்தநாள் அன்னிக்கு கொடுத்தேன். அவன் ரொம்ப நேரம் பாத்தான், பித்தளை ஜட்டிக்கு சிரிச்சான், மூணு சூரியன கண்டுபுடிச்சான், வளையத்தப் பத்தி நானே வாய திறந்து சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்புறம் பிறைகிட்ட விரல வெச்சு, "இது சூப்பர்டா, இவ்வளவு நைசா யோசிச்சு வெச்சிருக்க"ன்னான். நான் ஆமான்னு சொல்லிட்டேன்.

அடுத்த வாரம் போன் பண்ணினான். டைரிய டேபிள் மேல வெச்சிருந்தானாம், வீட்டுக்கு வந்தவர் ஒருத்தர் எடுத்து முன்ன பின்ன பாத்துட்டு, உள்ள திறக்காமலேயே, "நாலாவதுன்னு போட்டுருக்கே, முதல் மூணு இருக்கா?"ன்னு கேட்டிருக்கார். இருக்குன்னு சொல்லிட்டானாம். அதனால இப்ப டூத் பிரஷ்ஷ மறுபடி தேடிட்டு இருக்கேன், நிலாவ இந்த தடவை முழுசா மூடறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல.